ஒற்றைக் கோடு

அசையக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளம்மா என்றுதான் டாக்டர் ஹபீபா சொல்லிவிட்டுப் போனார். ஆனாலும் மாரிச்செல்வி கண்ணிமையைத் தவிர வேறெதையும் அசைக்கவில்லை, மூச்சைக்கூட அளந்துதான் விட்டாள், ஏதோ அவள் புரண்டு படுத்தால் முதுகுக்குப் பின்னால் ஜன்னலோர மேசையில் சின்னக் குழாய்க்குள் நிற்கிற அந்தச் சோதனைத் தாள்பட்டை பயந்துகொண்டு வேண்டாத பதிலைச் சொல்லிவிடும் என்பதுபோல. பத்து நிமிஷம். ஜெபராணி சிஸ்டர் தன் செல்போனில் மணி வைத்து மேசைமேல் கவிழ்த்துப் போட்டிருந்தார். பத்து நிமிஷம் என்றால் என்ன, ஒரு உலை கொதிக்கிற நேரம், சிவகாசி பஸ் ஸ்டாண்டில் மினிபஸ்ஸுக்கு நிற்கிற நேரம், அதுவரை பொறுக்க முடியாதா என்று தன்னையே அதட்டினாள். இருபத்தேழாவது வாரம் இன்றைக்குத்தான் முடிந்தது. இன்றைக்கென்று பார்த்துக் காலையில் இட்லித் தட்டை இறக்கும்போது வயிறு ஒருதரம் கல்லாக இறுகி விட்டது, அப்புறம் காப்பி குடிக்கும்போது ஒருதரம், அப்புறம் எண்ண ஆரம்பித்துவிட்டாள், எண்ண ஆரம்பித்ததும் கணவன் காளீஸ்வரன் முகம் வெளிறிப்போய் ஆட்டோவைக் கூட்டிவர ஓடினான். ஓடினவன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினான், ஒரு கால் அவனுடையது, ஒரு கால் அவளுடையது, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோதுதான் அவள் கவனித்தாள், சொல்லவில்லை. பழைய ஸ்கேன் ஃபைலை ஆட்டோவிலேயே விட்டுவிட்டான் வேறு. அதைத் துரத்திப் பிடிக்கப் போனவன் இன்னும் வரவில்லை. டாக்டர் விளக்கிச் சொன்ன நேரத்தில் அவன் இருந்திருக்க வேண்டும், இருந்திருந்தாலும் அவன் காதில் ஏறியிருக்காது.

"பிள்ளை இருக்கற பைக்கும் ஒன் கர்ப்பப்பைக்கும் நடுவுல ஒரு பசை இருக்கும்மா" என்றார் டாக்டர், கையுறையை மாட்டிக்கொண்டே, சமையல் குறிப்பு சொல்கிற குரலில். "அது உள்ளயே கெடக்கணும். இந்த மாசத்துல அது கீழ வரக் கூடாது. வந்துச்சுன்னா எங்கயோ ஒட்டு விடுதுன்னு அர்த்தம். ஒனக்கு வர்ற தண்ணியக் கொஞ்சம் பஞ்சுல ஒத்தி எடுத்துப் பாத்தா அந்தப் பசை இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிரும். ஒரு கோடு வந்தா பசை வரல. ரெண்டு வாரத்துக்கு அநேகமாப் பயமில்ல, வீட்டுக்குப் போயிரலாம். ரெண்டு கோடு வந்தா..." அங்கே கொஞ்சம் நிறுத்தினார். "ரெண்டு வந்தா இன்னிக்கே பொறந்துரும்னு இல்ல. ஆனா நான் ஒன்ன இங்க வச்சுக்கிட்டு இருக்க மாட்டேன். பிள்ளைக்கு நுரையீரல் முத்துறதுக்கு ஊசி போட்டு மதுரைக்கு அனுப்பிருவேன். அவ்வளவு சின்னப் பிள்ளையப் பாக்குறதுக்கு வேண்டியதெல்லாம் அங்கதான் இருக்கு." பசை என்றாரே. மாரிச்செல்விக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே மனசு நின்றுவிட்டது, அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவைதான். பதினோரு வருஷமாக அவள் பைண்டிங் பட்டறையில் பசையில்தான் கையை விட்டுக்கொண்டிருக்கிறாள். மைதா மாவைக் கரைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டு, கட்டி தட்டாமல் கிண்டி, ஆறவைத்து, விரலால் தொட்டுப் பார்த்துப் பதம் சொல்வாள். அவள் சொன்ன பதத்துக்கு மேஸ்திரி மறுபேச்சுப் பேசமாட்டார். சாயங்காலம் நகக்கண்ணில் இருந்து உரித்தெடுத்தால் தோலோடு வரும். அந்தப் பசையெல்லாம் அவள் கையால் ஆனது. இந்தப் பசையை யார் காய்ச்சினது? எந்த அடுப்பில், எப்போது? பஸ்ஸில் இடம்பிடிக்கச் சண்டை போட்டபோதா, ரேஷன் வரிசையில் நின்றபோதா, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினபோதா? அவளுக்கே தெரியாமல் அவளுக்குள்ளே ஒருத்தி உட்கார்ந்து, பதம் பார்த்து, ஒரு உயிரை இன்னொரு உயிரோடு ஓரம் பிசகாமல் ஒட்டியிருக்கிறாள். அப்படி ஒரு வேலைக்காரியைப் பட்டறையில் மேஸ்திரி பார்த்திருந்தால் விட்டிருக்கவே மாட்டார். நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு புல்லரித்தது, புல்லரித்தால் வயிறு இறுகுமோ என்று பயந்து, புல்லரிப்பதையும் நிறுத்தப் பார்த்தாள்.

பட்டறையில் கட்டுகளை அழுத்தி வைத்து எடுக்கும்போது ஓரத்தில் பசை கசிந்து நின்றால் அந்தக் கட்டைத் தனியாகத் தள்ளி வைப்பார்கள். உள்ளே அட்டை நகர்ந்திருக்கும். அதையேதான் இந்த டாக்டரம்மாவும் பார்க்கிறார், ஓரத்தில் கசிகிறதா என்று. என்ன புத்தி. யாரோ ஒருத்தியோ ஒருத்தனோ எங்கேயோ உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருக்கிறார்களே, அவர்களுக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்க அருவருப்பு வரவில்லையே. மாரிச்செல்விக்கு அதுதான் திரும்பத் திரும்ப வந்து மோதியது. பதிமூன்று வயசில் முதல்முதலாகப் பாவாடையில் அந்த வெள்ளை ஈரத்தைப் பார்த்தபோது ஏதோ நோய் வந்துவிட்டதென்று மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் செத்துப்போகக் காத்திருந்தாள். அப்புறம் அம்மாவிடம் முனகியபோது, அம்மா இருபுறமும் பார்த்துவிட்டு, சூடு உடம்பு, மோர் குடி, வெளியே சொல்லித் திரியாதே என்றாள். சொல்லித் திரியவில்லை. இருபது வருஷமாகச் சொல்லவில்லை. துவைத்த உள்ளாடையைக் கொடியில் தனியாகப் போட்டதில்லை, மேலே ஒரு துண்டு, துண்டுக்குக் கீழே உள்பாவாடை, அதற்கும் கீழே அது, வெயிலே படாமல் காய்ந்தும் காயாமலும் மறுநாள் உடம்புக்கே வரும். சில மாதம் கண்ணாடியாக நூல்போல இழுபடும், சில மாதம் தயிர்போல இருக்கும், அதற்கெல்லாம் காரணம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கழுவிவிட வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். இன்றைக்கு அந்த அறையில், பட்டப்பகலில், தலைக்கு மேல் விளக்கைப் போட்டு, டாக்டரம்மா உட்கார்ந்து, நீளக் குச்சியில் சுற்றிய பஞ்சால் உள்ளே மெல்லத் தொட்டு வைத்திருக்க, ஜெபராணி சிஸ்டர் ஒன்று, ரெண்டு, மூணு என்று பத்துவரை எண்ணினார், கோயிலில் தீபாராதனை முடியும்வரை காத்திருக்கிற மாதிரி மூன்று பேரும் சும்மா இருந்தார்கள். பஞ்சு வெளியே வந்தபோது டாக்டரம்மா அதை எவ்வளவு பதனமாகப் பிடித்தார். சிந்திவிடக் கூடாதாம். அவள் இருபது வருஷம் துண்டுக்கு அடியில் ஒளித்து வைத்தது சிந்திவிடக் கூடாதாம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, டாக்டர் வலிக்கிறதா என்றார், இல்லை என்றாள், வேறென்ன சொல்வது.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்கள், அதை நினைத்தால் இப்போதுகூடச் சிரிப்பு வருகிறது. உதிரம் ஏதும் பட்டதா, இல்லை. உள்ளே மருந்து, எண்ணெய் ஏதும் வைத்தாயா, இல்லை. "நேத்து ராத்திரி வீட்டுக்காரர்கூட...?" என்று சிஸ்டர் பேனாவை நிறுத்தினார். அப்படி இருந்திருந்தால் இந்தச் சோதனை தப்பாகச் சொல்லிவிடுமாம், அதனால் வெட்கப்படாமல் சொல்லவேண்டுமாம். "அவுக மூணாம் மாசத்துல இருந்து ஹால்லதான் படுக்காக சிஸ்டர்" என்றாள். அது உண்மைதான். கர்ப்பம் பார்க்கிற கார்டில் ரெண்டு கோடு தெரிந்த நாளிலிருந்து காளீஸ்வரன் அவளைச் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறான், தரையில் ஈரம் இருக்கிற இடத்தைச் சுற்றி நடப்பதுபோல. தண்ணீர்ச் செம்பைக்கூடக் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறான். கூறுகெட்ட மனுஷன், தொட்டால் உதிர்ந்துவிடுவேனா என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். அவன் செம்பை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான், ஏனென்றால் போனதரம் உதிர்ந்துதான் போயிற்று. அந்த இடத்துக்கு மனசு போகக் கூடாது என்று அவள் வேறுபக்கம் திருப்பினாள், அது கேட்டால்தானே, கழுதை, வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வரும். இருபத்துமூன்று வாரம். அன்றைக்கும் காலையில்தான் இறுக ஆரம்பித்தது. வாயுவாக இருக்கும், ஓமத்தண்ணீர் குடி என்று பட்டறையில் சொன்னார்கள், குடித்தாள், சாயங்காலம்வரை நோட்டுகளுக்கு முதுகுத்துணி ஒட்டிக்கொண்டே இருந்தாள், முன்னூறு நோட்டுக்கு ஒட்டிவிட்டுத்தான் எழுந்தாள். அத்தனை முதுகும் ஒட்டியது. அவளுக்குள்தான் விட்டுப்போயிற்று. ரெண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற அளவு, காதுகூட வரைந்தமாதிரி இருந்தது, காது இருந்ததே என்றுதான் அவள் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு யாராவது இப்படி ஒரு பஞ்சால் தொட்டுப் பார்த்திருந்தால். பார்த்திருந்தாலும் நிறுத்தியிருக்க முடியுமோ என்னவோ. தெரிந்தாவது இருந்திருக்கும். தெரியாமல் முன்னூறு நோட்டு ஒட்டியிருக்க மாட்டாள்.

வயிறு மறுபடி இறுகியது. அடிவயிற்றில் யாரோ துணியைப் பிழிகிற மாதிரி மெல்ல ஆரம்பித்து, நின்று, விட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே சுவரைப் பார்த்தாள். சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. வேறெதைப் பார்த்தாலும் பரவாயில்லை, அதைப் பார்த்திருக்க வேண்டாம், ஏனென்றால் அட்டையின் மூலையில் மடித்திருந்த விதத்திலேயே அது தங்கள் பட்டறையில் ஒட்டியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் எட்டாம் தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒன்பது, செப்டம்பர் ஒன்பது, யாரும் கிழிக்கவில்லை. பிள்ளைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தேதி டிசம்பர் ஒன்பது. அதுவும் இந்தக் கட்டுக்குள்தான் இருக்கிறது, கடைசியில், இருபது இருபத்தைந்து தாளுக்கு முன்னால், அவள் கையாலேயே பசை தடவி அட்டையில் அழுத்திய கட்டு, அழுத்தும்போது அந்தத் தாளும் விரலுக்கடியில் இருந்திருக்கும், அவளுக்குத் தெரியாமல். நல்லநேரம், சந்திராஷ்டமம் எல்லாம் அச்சடித்துத் தயாராக அங்கே உட்கார்ந்திருக்கிறது அந்த நாள். அதுவரை ஒவ்வொரு தாளாகத்தான் போக வேண்டும், நடுவில் ஒன்றைக்கூட விட முடியாது. டாக்டர் கொடுப்பதாகச் சொன்னது ரெண்டு வாரம். பதினாலு தாள். விரலால் பிடித்துப் பார்த்தால் ஒரு கனமும் இருக்காது, நகத்தின் பருமன்கூட வராது. ஆனால் அந்தப் பதினாலு தாளுக்குள் பிள்ளைக்கு எவ்வளவோ நடக்குமாம், கண்ணைத் திறந்து மூடுமாம், நுரையீரலுக்குள் ஏதோ ஒன்று ஊறுமாம், எடை ஏறுமாம். வருஷத்துக்கு லட்சம் காலண்டர் ஒட்டுகிறோமே, ஒரு தாளுக்கு இவ்வளவு பொருள் என்று ஒருநாளாவது நினைத்தோமா. கிழித்து, பல்குத்திவிட்டு எறிகிறோம். எனக்குப் பதினாலு தாள் கொடு என்று அவள் கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. மாரியம்மனிடமா, டாக்டரிடமா, உள்ளே பசை காய்ச்சுகிறவளிடமா. அவளிடம்தான் இருக்கும். தாயே, இத்தனை நாள் உன்னைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே, இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்.

ஒரு கோடு. அதுதான் இதில் பெரிய வேடிக்கை. ஒரு கோடு வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நாளும் வருமென்று யாராவது சொல்லியிருந்தால் அவள் வாரியலை எடுத்திருப்பாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் ஆறு வருஷமும் அந்த ஒற்றைக் கோடுதானே அவளைக் கொன்றது. மாதாமாதம் நாள் தள்ளிப்போகும், மருந்துக்கடையில் வேறு ஊர்க்காரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கார்டு வாங்கி வருவாள், விடியற்காலையில் குளியலறையில் குந்தி உட்கார்ந்து பார்ப்பாள். ஒன்று. எப்போதும் ஒன்று. வெளியே கதவோரம் காளீஸ்வரன் நிற்பான், பல்தேய்க்கிற பாவனையில், பிரஷில் பேஸ்ட்கூட இருக்காது. கார்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பான், சாய்த்துப் பார்ப்பான், கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பான், இல்லாத இன்னொரு கோட்டை எப்படியாவது வரவழைத்துவிடுவது என்று. அப்புறம் கார்டை இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு ஒரே வாக்கியம்தான் சொல்வான். "பரவால்ல செல்வி, ஒனக்கு நான், எனக்கு நீ." அதில் ஒரு எழுத்து மாறாது. முதல் வருஷம் அதைக் கேட்டு அழுதாள், நாலாவது வருஷம் எரிச்சல்பட்டாள், அப்புறம் அந்த வாக்கியம் வருவதற்கு முன்பே கதவைத் திறக்காமல் தண்ணீரைத் திறந்துவிடுவாள், காதில் விழாமல் இருக்க. ஆனால் ரெண்டு கோடு வந்த ரெண்டு தரமும் மனுஷன் வாயே திறக்கவில்லை. முதல்தரம் சமையல்கட்டில் கேஸ் சிலிண்டர்மேல் போய் உட்கார்ந்துவிட்டான். ரெண்டாம்தரம் வாரியலை எடுத்து வீடு முழுக்கப் பெருக்கினான், பெருக்கிக்கொண்டே வாசலுக்குப் போனவன் பக்கத்து வீட்டு வாசலையும் பெருக்கிவிட்டு வந்தான். பேச்சு வர அரைநாள் ஆயிற்று.

செல்போன் மணி அடித்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெபராணி சிஸ்டர் நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்கிற சத்தம், குழாயிலிருந்து எதையோ எடுத்துத் தட்டில் வைக்கிற சத்தம். "என்ன வந்துருக்கு சிஸ்டர்" என்று கேட்டாள். சிஸ்டர் தட்டை மேசையிலேயே வைத்துவிட்டு, "டாக்டரம்மா வந்து பாத்துத்தான் சொல்லணும் தாயி, நான் சொல்லப்பிடாது. இந்தா கூட்டியாறேன், பெரளாதே" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார். வாசலில் யாரோடோ முட்டிக்கொண்டார். "நீங்கதான் வீட்டுக்காரரா? உள்ள போய்ப் பக்கத்துல இருங்க. மேசையில இருக்கறதத் தொட்டுராதீக." செருப்புச் சத்தம் வந்தது. ஒரு காலுக்கு ஒரு மாதிரியும் இன்னொரு காலுக்கு வேறுமாதிரியும் சத்தம் வந்தது. காளீஸ்வரன் வந்துவிட்டான். அவன் கட்டிலுக்கு வரவில்லை, அவள் முதுகுப் பக்கமாக ஜன்னல்பக்கம் போனான். மேசையைப் பார்த்துவிட்டான். பார்க்கட்டும். எதுவும் தெரியாது அவனுக்கு, யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அவன் குனிகிறான், சட்டை உரசுகிறது. நிமிர்கிறான். கண்ணாடியைக் கழற்றி மடக்குகிற அந்தச் சின்ன டிக். மறுபடி குனிகிறான். ஜன்னல் திரையை விலக்குகிற சத்தம். ஏன் இத்தனை நேரம், பேசித் தொலையேன், இல்லை பேசாமலேயே இருந்துவிடுவாயோ, கடவுளே, பேசாமல் இருந்துவிடாதே, எதையாவது பெருக்கிவிடாதே. சுவரில் எட்டாம் தேதி மின்விசிறிக் காற்றில் லேசாகத் தூக்கித் தூக்கி விழுந்தது, அடியில் ஒன்பதின் ஓரம் தெரிந்து மறைந்தது. அவன் சுற்றிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே வந்தான், தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான், மூன்றாம் மாசத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் கையைப் பிடித்தான். அவன் கண் நிரம்பி உதடு கோணிப்போயிருந்தது. அப்புறம் சொன்னான்.

"பரவால்ல செல்வி. ஒனக்கு நான், எனக்கு நீ."

மாரிச்செல்வி அவனையே பார்த்தாள். அந்த ஆறு வருஷத்தில் கேட்டுக் கேட்டு வெறுத்த அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை. அது காதுக்குள் போய், தொண்டையில் இறங்கி, நெஞ்சைத் தாண்டி, அடிவயிற்றில் பிள்ளை கிடக்கிற இடம்வரை போனதை அவள் உணர்ந்தாள். சந்தோஷம் இப்படியும் வரும் போலிருக்கிறது, துக்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு. உடனே சொல்லிவிட அவளுக்கு மனசு வரவில்லை. ஒரே ஒரு மூச்சு, அவளும் உள்ளே இருக்கிறதும் அந்தப் பசைக்காரியும் மட்டும் வைத்துக்கொள்ள ஒரு மூச்சு வேண்டியிருந்தது. அப்புறம் பாவம் பார்த்தாள்.

"எத்தன கோடுங்க?"

"அதான் சொல்றேன்ல. விடு."

"வாயத் தொறந்து சொல்லுங்க. எத்தன?"

"ஒன்னுதான்." இன்னொன்றைத் தானே தின்றுவிட்டவன்போலத் தலையைக் குனிந்துகொண்டான். "வெளிச்சத்துல வச்சும் பாத்துட்டேன். ஒன்னுதான் இருக்கு."

"இந்தத் தடவ ஒன்னுதாங்க வேணும்" என்றாள். அவன் விளங்காமல் விழித்தான். அவன் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். அவன் வெடுக்கென்று எடுக்கப் பார்த்தான், அவள் விடவில்லை. "ஒட்டித்தான் இருக்கு. விட்டுப்போகல. டாக்டர் வந்து சொல்லுவாக, கேளுங்க." வராந்தாவில் டாக்டரம்மாவின் குரலும் சிஸ்டரின் குரலும் சேர்ந்து வருவது கேட்டது. பேச்சு நின்றுவிட்டது மனுஷனுக்கு. அவன் எழுந்து அறையைச் சுற்றுமுற்றும் பார்த்தான், எதைத் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரியும், இங்கே வாரியல் இல்லை. அவள் சுவரைக் காட்டினாள்.

"அந்தத் தாளக் கிழிங்க. இன்னிக்கு ஒன்பது."

அவன் போய், கட்டு அசைந்துவிடாமல் ஒரு கையால் அட்டையைப் பிடித்துக்கொண்டு, எட்டாம் தேதியை மட்டும் மெதுவாகக் கிழித்தான்.